ஸ்பெக்ட்ராஸ்கோப்பியை நிறுத்தாதீர்கள், ஒழுங்காக எடுக்க விடுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் கதிரியக்கவியல் துறைத் தலைவர் அவர்களுக்கும்,

மூளைக் கட்டிக்கான எம்ஆர்ஐ புரோட்டோகாலிலிருந்து எம்ஆர் ஸ்பெக்ட்ராஸ்கோப்பியை (திசுவின் வேதிப்பொருட்களை அளக்கும் சோதனையை) எடுத்துவிட்டு, ஒரு நோயாளிக்கான நேரத்தை 40 நிமிடத்திலிருந்து 25 நிமிடமாகக் குறைக்கச் சொல்லும் உங்கள் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. அதில் இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று, வரிசையில் காத்திருப்பவர்கள் அதிகம். இன்னொன்று, ஸ்பெக்ட்ராஸ்கோப்பி ரிப்போர்ட்டால் அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்குப் பயனில்லை. முதல் காரணம் உண்மை. அந்த வரிசை எங்கள் கதவுக்கு வெளியில்தான் நிற்கிறது. இரண்டாவதில் பாதி உண்மை. பயனில்லாத ரிப்போர்ட்டுகள் பல போகத்தான் செய்கின்றன. ஆனால் அந்தக் குறையைச் சோதனையின் தலையில் கட்டி, சோதனையையே நிறுத்துவதை எங்களால் வாய்மூடி ஏற்க முடியவில்லை. ரிப்போர்ட் எந்த இடத்தில், எதனால் கெடுகிறது என்பது கன்சோலில் உட்காரும் எங்களுக்குத் தெரியும்.

நிறுத்தினால் எதை இழக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். டி1, டி2, ஃப்ளேர் படங்கள் எல்லாம் தண்ணீரின் படங்கள். கட்டியின் உருவம், வீக்கம், அழுத்தம் எல்லாம் அவற்றில் தெரியும். கான்ட்ராஸ்ட் ஊசி போட்டபின் பளிச்சென்று தெரிவது ரத்த-மூளைத் தடுப்பு கசிந்த இடம், அவ்வளவுதான். புற்றுக் கட்டியும் அங்கே பளிச்சிடும், காசநோய்க் கட்டியும் பளிச்சிடும், சீழ்க் கட்டியும் பளிச்சிடும், ரேடியேஷனால் வெந்துபோன திசுவும் பளிச்சிடும். அந்தத் திசுவுக்குள் என்ன வேதிப்பொருள் கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்பதை ஊசி குத்தாமல் காட்டுவது ஸ்பெக்ட்ராஸ்கோப்பிதான். அதற்குக் கூடுதல் மருந்தோ கூடுதல் கதிர்வீச்சோ தேவையில்லை. இருக்கிற மெஷின், இருக்கிற தலைக் காயில் (சிக்னலைப் பிடிக்கும் கம்பிச்சுருள்) போதும்.

வேதிப்பொருட்கள் ஸ்பெக்ட்ரம் கோட்டில் தனித்தனி மேடுகளாக (பீக்) எழும்; அவை நிற்கும் இடத்தைச் சொல்லும் அளவு பிபிஎம். 2.0 பிபிஎம்மில் வரும் என்ஏஏ (என்-அசிட்டைல் அஸ்பார்ட்டேட்) நரம்பணுக்களின் அடையாளம். கட்டி நரம்பணுக்களை அழிக்கவோ விலக்கவோ செய்தால் அது சரியும். 3.2-இல் வரும் கோலின், செல் சவ்வு வேகமாக உருவாகவும் உடையவும் செய்யும்போது ஏறும். 3.0-இல் கிரியாட்டின், செல்லின் ஆற்றல் சேமிப்போடு தொடர்புடையது. 1.33-இல் இரட்டையாகப் பிளந்து வரும் லாக்டேட், சர்க்கரை முழுதாக எரியாமல் நிற்பதைக் காட்டுகிறது. புற்றுத் திசு ஆக்சிஜன் இருந்தாலும் சர்க்கரையை லாக்டேட்டாக்கியே விடுகிறது என்று ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே காட்டினார். 0.9, 1.3 இரண்டிலும் அகலமாக எழும் கொழுப்பு பீக், செத்த திசுவின் குறி.

வளையமாகப் பளிச்சிடும் ஒரு புண்ணோடு வரும் நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலை நாட்டுப் பாடப்புத்தகம் மூளையின் வீரியமான புற்றான கிளையோபிளாஸ்டோமாவையும் பரவி வந்த புற்றையும் முதலில் நினைக்கச் சொல்லும். நம் ஊரில் அந்தப் பட்டியலில் டியூபர்குலோமா எனும் காசநோய்க் கட்டியும் நாடாப்புழு முட்டையால் வரும் சிஸ்டிசெர்கோசிஸும் சீழ்க் கட்டியும் முன்வரிசையில் நிற்கின்றன. ஒன்றுக்கு மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை, இன்னொன்றுக்கு மண்டையைத் திறக்க வேண்டும். சீழ்க் கட்டியென்றால் 1.9-இல் அசிட்டேட், 2.4-இல் சக்சினேட், 0.9-இல் அமினோ அமிலங்கள் தெரியலாம். அசிட்டேட்டும் சக்சினேட்டும் சேர்ந்து வந்தால் ஆக்சிஜன் இல்லாமல் வளரும் கிருமிகளின் பக்கம் கை நீளும். டியூபர்குலோமாவில் கொழுப்பு பீக் ஓங்கி நிற்கும், அமினோ அமிலம் வராது. காசநோயால் வந்த சீழிலும் அப்படித்தான்: கொழுப்பும் லாக்டேட்டும் இருக்கும், அமினோ அமிலம் இருக்காது. இந்த வேறுபாடுகளை லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனத்தினர் நம் நாட்டு நோயாளிகளை வைத்தே விரிவாக எழுதியிருக்கிறார்கள். நம்மிடம் வரும் நோய்களுக்கு இவ்வளவு நெருக்கமான ஒரு சோதனையை நாமே கைவிடுவது சரியில்லை.

0.9-இல் நிற்கும் பீக் கொழுப்பா, அமினோ அமிலமா என்பது எக்கோ நேரத்தை (பல்ஸ் கொடுத்துச் சிக்னலைப் பிடிக்கும் வரையிலான இடைவெளியை) சரியாக வைத்தால்தான் பிரியும். 144 மில்லிசெகண்டில் அமினோ அமிலம் தலைகீழாகத் திரும்பும், கொழுப்பு திரும்பாது. 30 மில்லிசெகண்டில் மட்டும் எடுத்துவிட்டு "கொழுப்பு அல்லது அமினோ அமிலம்" என்று எழுதி அனுப்பும் ரிப்போர்ட்டால் யாருக்கும் பயனில்லைதான். நேரமில்லை என்று இரண்டாவது எக்கோவை வெட்டியதன் விளைவு அது.

பரவி வந்த புற்றா, மூளையிலேயே தோன்றிய கிளையோமாவா என்ற கேள்வியில், அளக்கும் பெட்டியான வாக்ஸலைப் பளிச்சிடும் வளையத்துக்கு வெளியே, வீக்கத்தின் மேல் வைக்க வேண்டும். கிளையோமா செல்கள் அங்கும் ஊடுருவியிருக்கும் என்பதால் கோலின் ஏறும். பரவி வந்த புற்றைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் வெறும் நீர்வீக்கம். அங்கே கோலின் ஏறாது. பளிச்சிடும் பகுதிக்குள் ஒரே ஒரு வாக்ஸல் வைத்துவிட்டு நோயாளியை இறக்கிவிட்டால் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

பயாப்சி (திசுவை எடுத்துப் பார்க்கும் சோதனை) ஊசி போகும் இடம் அடுத்தது. கான்ட்ராஸ்ட் எடுக்காத பெரிய கிளையோமாவில் எல்லா இடமும் ஒரே வீரியத்தில் இருப்பதில்லை. ஊசி மந்தமான மூலையில் இறங்கினால் கிரேடு (வீரியத் தரம்) குறைவாக வந்துவிடும், சிகிச்சையும் அதற்கேற்பக் குறைந்துவிடும். பல வாக்ஸல் கொண்ட கோலின் வரைபடத்தை அறுவைக்கு வழிகாட்டும் நேவிகேஷன் படத்தின் மேல் ஏற்றிக் கொடுத்தால், கோலின் உச்சத்தில் இருக்கும் இடத்தை மருத்துவர் குறிவைக்கலாம்.

ரேடியேஷனுக்குப் பிறகு வரும் நோயாளிகளை நீங்கள் தனியாக யோசிக்க வேண்டும். கிளையோபிளாஸ்டோமாவுக்கு வழக்கமான முறை, 30 தவணையில் 60 கிரே (கதிர்வீச்சின் அளவு) ரேடியேஷன், கூடவே டெமோசோலமைடு மருந்து. முடிந்து முதல் 12 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் பளிச்சிடும் பகுதி பெரிதாகத் தெரிந்தால், அது கட்டி வளர்ந்ததா, சிகிச்சையின் எதிர்வினையா என்று சாதாரணப் படம் சொல்லாது. வளர்ச்சி என்று நினைத்து வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தை நிறுத்துவதும் தவறு. எதிர்வினை என்று நினைத்துக் காத்திருந்து கட்டியை வளர விடுவதும் தவறு. கோலின் தாழ்ந்து, கொழுப்பும் லாக்டேட்டும் மட்டும் நின்றால் திசு செத்திருக்கிறது என்ற பக்கம் சாயலாம். கோலின் உயர்ந்தே இருந்தால் கட்டியை நினைக்க வேண்டும். இரண்டும் கலந்திருக்கும் நோயாளிகள் உண்டு. அவர்களுக்கு ஒரு படம் தீர்ப்பாகாது. சில வாரம் கழித்து அதே இடத்தில், அதே அளவு வாக்ஸலில் மீண்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். நீங்கள் இப்போது நிறுத்தினால் ஒப்பிட முதல் படமே இருக்காது.

இந்தச் சோதனை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டி போலவே தோன்றும் டீமையலினேஷன் (நரம்புறை அழியும் நோய்) புண்ணிலும் கோலின் ஏறும், என்ஏஏ இறங்கும். கோலின்-என்ஏஏ விகிதம் 2-ஐத் தாண்டினால் வீரியமான கட்டி என்று பலர் எழுதும் எல்லைக்கோடு வழிகாட்டும், முடிவுகட்டாது. பயாப்சிக்கு மாற்று எதுவுமில்லை. பயாப்சி எங்கே, எப்போது, அவசரமாகவா என்ற கேள்விகளுக்கே இது உதவுகிறது.

இனி, ரிப்போர்ட் ஏன் கெடுகிறது என்பதற்கு வருகிறோம்.

பெரும்பாலான தவறு வாக்ஸல் வைக்கும் அந்த ஒரு நிமிடத்தில் நடக்கிறது. அவசரத்தில் கட்டியின் நட்டநடுவில் பெட்டியை வைத்தால், அங்கே இருப்பது செத்த திசுவும் திரவமும். எல்லா பீக்கும் தாழ்ந்து, கொழுப்பு மட்டும் தெரியும். உயிருள்ள கட்டி ஓரத்தில் இருக்கிறது. ஓரத்துக்குத் தள்ளினால் மண்டையோட்டை ஒட்டிய தோலடிக் கொழுப்பு உள்ளே புகுந்துவிடும். மீன் வறுக்கும் சமையலறையில் மல்லிகை மணத்தைத் தேடுவது போலத்தான் அதன்பின் 1.3-இல் லாக்டேட்டைத் தேடுவது. ஆறு பக்கமும் சாச்சுரேஷன் பட்டை (வெளிச் சிக்னலை அடக்கும் பட்டை) போட்டு, அவை மண்டையோட்டின் வளைவைத் தழுவுமாறு சாய்த்து வைக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அந்த நிமிடம்தான் முதலில் வெட்டப்படுகிறது.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. பெட்டி திரையில் வரைந்த இடத்தில் எல்லா வேதிப்பொருளும் இருப்பதில்லை. 3 டெஸ்லா (காந்தத்தின் வலிமை அளவு) மெஷினில் கோலினுக்கும் லாக்டேட்டுக்கும் இடையே சுமார் 240 ஹெர்ட்ஸ் இடைவெளி. பிரெஸ் என்ற வழக்கமான எடுப்பு முறையில் ரீஃபோகஸ் பல்ஸின் அதிர்வெண் அகலம் 1200 ஹெர்ட்ஸ் என்றால், லாக்டேட்டின் பெட்டி கோலினின் பெட்டியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு தள்ளி நிற்கும். 20 மில்லிமீட்டர் வாக்ஸலில் அது 4 மில்லிமீட்டர். இந்தத் தள்ளலால்தான் 3 டெஸ்லாவில் 144 மில்லிசெகண்டில் லாக்டேட் தலைகீழாக வராமல் பாதி அழிந்து, இல்லாதது போலவே தோன்றுகிறது. "லாக்டேட் இல்லை" என்று அப்போது எழுதுவது பிழை. 288 மில்லிசெகண்டில் நிமிர்ந்த பீக்காகப் பார்க்க வேண்டும், அல்லது இந்தத் தள்ளல் குறைவான செமி-லேசர் முறைக்கு மாற வேண்டும்.

ஷிம், அதாவது காந்தப்புலத்தைச் சீராக்கும் வேலை, அடுத்த இடறல். காந்தப்புலம் வாக்ஸலுக்குள் சீராக இல்லாவிட்டால் பீக்குகள் அகன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அகலம் 0.1 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். அதாவது 3 டெஸ்லாவில் ஏறக்குறைய 13 ஹெர்ட்ஸ், 1.5 டெஸ்லாவில் 6 ஹெர்ட்ஸ். கோலினும் கிரியாட்டினும் 0.2 பிபிஎம் இடைவெளியில்தான் நிற்கின்றன, 1.5 டெஸ்லாவில் அது வெறும் 12 ஹெர்ட்ஸ் சொச்சம். அகலம் 15-க்குப் போனால் இரண்டும் ஒரே மேடு, அதிலிருந்து மெஷின் கணக்கிட்டுத் தரும் விகிதம் வெறும் எண். ரத்தக் கசிவு, சுண்ணாம்புப் படிவு, காற்றுள்ள சைனஸை ஒட்டிய நெற்றிப்பகுதி, அறுவைக்குப் பின் பொருத்திய டைட்டானியம் தகடு இவை பக்கத்தில் இருந்தால் தானியங்கி ஷிம் ஒரு தடவையில் சரியாவதில்லை. கையால் திருத்த வேண்டும். பயாப்சி முடிந்தபின் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி கேட்டு அனுப்புகிறார்கள். அப்போது ஊசித் தடத்தில் உறைந்த ரத்தமே ஷிம்மைக் கெடுத்துவிடுகிறது. கேட்பதை பயாப்சிக்கு முன்பே கேட்க வேண்டும்.

வரிசைமுறையும் கெடுக்கிறது. டிடிஐ (நரம்பிழைப் பாதைகளைக் காட்டும் படம்) எடுத்த கையோடு ஸ்பெக்ட்ராஸ்கோப்பி ஓட்டினால், கிரேடியன்ட் சுருள்களின் சூட்டில் ஷிம் இரும்புத் துண்டுகள் வெப்பமேறி, மைய அதிர்வெண் நகர்ந்துகொண்டே இருக்கும். தண்ணீரை அடக்கும் பல்ஸ் குறி தவறும். தண்ணீரின் சிக்னல் வேதிப்பொருட்களைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு பெரியது. அது கொஞ்சம் தப்பினாலும் அடித்தளக்கோடு சாய்ந்து போகும். ஸ்பெக்ட்ராஸ்கோப்பி டிடிஐ-க்கு முன்பும், முடிந்தவரை கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன்பும் வர வேண்டும்.

வாக்ஸலைச் சின்னதாக்கி, நேரத்தையும் குறைக்கச் சொல்லும் வாய்மொழி உத்தரவுகள் அடிக்கடி வருகின்றன. கணக்கு அதற்கு இடம் கொடுக்காது. இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் தரம் வாக்ஸலின் கன அளவோடு நேராகக் குறையும், ஆனால் நேரத்தின் வர்க்கமூல அளவில்தான் ஏறும். 2 சென்டிமீட்டர் வாக்ஸல் 8 மில்லிலிட்டர். 2 செகண்ட் டிஆர் (ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி), 128 தடவை சராசரி என்றால் 4 நிமிடம் 16 செகண்ட். பக்கத்தை 1.5 சென்டிமீட்டராக்கினால் 3.4 மில்லிலிட்டர்; அதே தரத்துக்கு ஐந்தரை மடங்குக்கு மேல் நேரம், 24 நிமிடம். 1 சென்டிமீட்டராக்கினால் 64 மடங்கு, நாலரை மணி நேரம். சின்ன வாக்ஸலை 2 நிமிடத்தில் எடுத்த ரிப்போர்ட்டுகள்தான் உங்கள் மேசைக்கு வந்து, "பயனில்லை" என்ற பெயரை வாங்கிக் கொடுத்தன.

வார்டிலிருந்து வர வேண்டிய தகவல் வராமல் போவதும் உண்டு. மூளை அழுத்தம் குறைக்க மானிட்டால் ஏற்றியிருந்தால் அது 3.8 பிபிஎம் அருகே தன் பீக்கைக் காட்டும். வலிப்புக்கு ஊசியாகப் போடும் ஃபெனிடோயினைக் கரைத்திருக்கும் ப்ரோப்பிலீன் கிளைக்கால் 1.1 அருகே இரட்டையாக வரும். அவசரத்தில் பார்ப்பவர் அதை லாக்டேட் என்று எழுதிவிடுவார். கேஸ் ஷீட்டில் இந்த இரண்டு மருந்தையும் நேரத்தோடு குறித்து அனுப்பினால் போதும்.

ஐடிஹெச் மரபணு மாற்றம் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் பெரியவர்களின் கிளையோமாவைப் பிரிக்கும் முதல் கேள்வியே அதுதான். மாற்றம் உள்ள கட்டியில் 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற வேதிப்பொருள் குவிகிறது என்பது 2009-இல் தெரிந்தது; 2012-இல் டல்லஸில் அதை நோயாளியின் தலையிலேயே அளந்து காட்டினார்கள். 2.25 பிபிஎம்மில் குளூட்டமேட், குளூட்டமின் பீக்குகளின் நடுவே அது ஒளிந்திருக்கும். 3 டெஸ்லாவில் பிரெஸ் முறையில் மொத்த எக்கோ 97 மில்லிசெகண்ட், முதல் பகுதி 32, இரண்டாவது 65 என்று வைத்தால் பிரித்துக் காணலாம். அந்த மாற்றத்தையே குறிவைக்கும் வொராசிடெனிப் மருந்து 2024-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுவிட்டது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் மண்டையைத் துளைக்க முடியாது. சின்னக் கட்டியில் இது தவறான "இல்லை" காட்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். பெரிய, ரத்தக் கசிவில்லாத கட்டியில் மட்டும் எடுப்போம்.

உலகம் இதைத் தாண்டியும் போய்விட்டது. பைருவேட்டின் கார்பன்-13 அணுக்களை உறைகுளிரில் முனைவாக்கி (சிக்னலைப் பெருக்கி), ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் நரம்பில் ஏற்றிப் படமெடுக்கிறார்கள். டியூட்டீரியம் ஏற்றிய குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து, அது லாக்டேட்டாவதைப் பார்க்கிறார்கள். அவற்றுக்குத் தனிக் கருவி, தனிக் காயில், மருந்துத் தயாரிப்பு வசதி எல்லாம் வேண்டும். அவற்றை நாங்கள் கேட்கவில்லை. கான்ட்ராஸ்ட் இல்லாமல் புரத அமைடுகளைப் படமாக்கும் ஏபிடி முறை மட்டும் 3 டெஸ்லா மெஷினில் மென்பொருள் உரிமத்தோடு ஓடக்கூடியது. அடுத்த பராமரிப்பு ஒப்பந்தப் பேச்சில் அதன் விலையைக் கேட்டுப் பாருங்கள் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக எல்லோருக்கும் இல்லாமல், நான்கு வகை நோயாளிகளுக்கு மட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பியைக் கட்டாயமாக்குங்கள்: காரணம் தெரியாத வளையப் புண், பயாப்சிக்குத் திட்டமிட்ட கிளையோமா, ரேடியேஷனுக்குப் பின் பளிச்சிடும் பகுதி வளர்ந்தவர்கள், ஐடிஹெச் சந்தேகமுள்ள பெரிய கட்டி. மற்றவர்களை 25 நிமிடத்தில் இறக்கிவிட எங்களுக்குத் தடையில்லை. உங்கள் வரிசைப் பிரச்சினையில் பெரும்பகுதி அதிலேயே தீரும்.

அந்த நான்கு வகைக்குக் கூடுதலாக 15 நிமிடம் ஒதுக்கி, அட்டவணையில் முன்கூட்டியே காட்டுங்கள். வாக்ஸலும் பட்டைகளும் வைக்க 3, ஷிம்முக்கு 2, இரண்டு எக்கோவில் எடுக்க 9. மீதி ஒரு நிமிடம் திரும்பிப் பார்க்க.

வாக்ஸல் வைக்கும்போது கதிரியக்க மருத்துவர் ஒருவர் கன்சோலில் இருக்க வேண்டும், அல்லது படத்தைத் திரையில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இதை எழுத்தில் ஆணையிடுங்கள்.

ஷிம் அகலம் 0.1 பிபிஎம்மைத் தாண்டினால் விகிதம் எழுதாமல் "தரம் போதவில்லை" என்று ரிப்போர்ட் தர எங்களுக்கு அதிகாரம் கொடுங்கள். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஸ்பெக்ட்ரம் கோடு, மூன்று தளத்திலும் வாக்ஸல் இருந்த இடம், எக்கோ நேரம், அகலம் ஆகியவை இருக்க வேண்டும். வெறும் விகித அட்டவணையை மட்டும் அச்சிட்டுக் கொடுப்பதைத் தடை செய்யுங்கள்.

பாக்ஸ் (PACS) எனும் படச் சேமிப்பு அமைப்பில் இப்போது சேமிப்பது திரையில் தெரியும் படம் மட்டுமே. மூலத் தரவு மெஷினில் சில நாளில் அழிந்துவிடுகிறது. ஜிஇ மெஷினில் பி-ஃபைல், பிலிப்ஸில் எஸ்டாட், எஸ்பார் ஃபைல்கள், சீமென்ஸில் ஆர்டிஏ ஃபைல். நம் மெஷினுக்கு உரியது எதுவோ அதை நோயாளி எண்ணோடு சர்வரில் வைக்க இடம் ஒதுக்குங்கள். இது இருந்தால்தான் ஆறு மாதம் கழித்து வரும் படத்தோடு ஒப்பிட முடியும், எல்சிமாடல் போன்ற மென்பொருளில் மறுபடி அலச முடியும்.

என்ஏஏ 12.5, கிரியாட்டின் 10, கோலின் 3, லாக்டேட் 5 மில்லிமோல் அடங்கிய, மெஷினின் தரம் பார்க்கும் சோதனை உருண்டையை மாதம் ஒருமுறை ஓட்ட அரை மணி நேரம் தாருங்கள். உருண்டை அலமாரியில் கிடக்கிறது, நேரம்தான் இல்லை.

இந்த முறையை ஆறு மாதம் நடத்திப் பார்த்து, பயாப்சி முடிவுகளோடு ரிப்போர்ட்டுகளை வைத்து ஒப்பிட, நரம்பு அறுவை, புற்றுநோய், நோய்க்குறியியல், கதிரியக்கத் துறைகள் கூடும் ஒரு கூட்டத்துக்குத் தேதி குறியுங்கள். அந்தக் கணக்கை வைத்து எடுக்கும் முடிவு எதுவானாலும் நாங்கள் ஏற்கிறோம். அதுவரை சுற்றறிக்கையை நடைமுறைப்படுத்த வேண்டாம் என்று எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எம்ஆர்ஐ பிரிவின் டெக்னீஷியன்களும் மருத்துவ இயற்பியலாளர்களும்